டிராயிங்கில் இல்லாத வெல்டு

கேபிள் டிரே தாங்க ஒரு பிராக்கெட், பைப் ஓட ஒரு கிளீட், கிரேனில் தூக்குவதற்காக வைத்த ஒரு காது, எர்த்திங் பட்டைக்கு ஒரு துண்டு. எஃகுக் கட்டமைப்புகளைச் சோதிக்கப் போகும்போது எனக்கு அதிகம் கவலை தருபவை இவற்றின் வெல்டுகள்தான். முக்கிய ஜாயின்டுகளுக்கு டிராயிங் இருக்கிறது, எழுதிவைத்த வெல்டிங் முறை இருக்கிறது, தேர்வு எழுதித் தேறிய வெல்டர் இருக்கிறார். முடிந்ததும் அல்ட்ராசோனிக் வைத்துப் பார்க்கிறார்கள். இந்தச் சில்லறை வெல்டுகளுக்கு இவற்றில் எதுவும் கிடையாது. கேட்டால் எங்கும் ஒரே பதில்: "சார், இது லோடு வாங்குற வெல்டு இல்ல. சும்மா ஒட்டி வச்சிருக்கோம்."

வெல்டு சுமை வாங்காமல் இருக்கலாம். அது ஒட்டியிருக்கும் பீம் வாங்குகிறதே. அந்த பீமுக்கு இந்த வெல்டு என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

1980 மார்ச் 27 மாலை, வட கடலின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில், தொழிலாளர்கள் தங்கியிருந்த அலெக்சாண்டர் கீலண்ட் என்ற நார்வே மிதவை மேடை புயலில் கவிழ்ந்தது. மேடையில் இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். ஐந்து கால்கள் கொண்ட அந்த மேடையில் முதலில் போனது ஒரு குறுக்குத் தாங்கி. அந்த ஒரு தாங்கி அறுந்ததும் அதே காலைப் பிடித்திருந்த மற்ற தாங்கிகள் அதிகப்படியான சுமையில் ஒவ்வொன்றாக முறிந்தன. கால் தனியே கழன்றது. தாங்கி ஏன் அறுந்தது என்று தோண்டிப் பார்த்தபோது விஷயம் ஒரு சின்ன இடத்தில் போய் நின்றது. நீருக்கடியில் ஒலி கேட்கும் ஹைட்ரோஃபோன் என்ற கருவியைப் பொருத்துவதற்காக, தாங்கியில் துளை போட்டு ஒரு குட்டைக் குழாயைச் செருகி, சுற்றிலும் மூலையில் முக்கோணமாகப் படியும் 6 மி.மீ. ஃபில்லட் வெல்டு அடித்திருந்தார்கள். அந்த வெல்டில் தொடங்கிய விரிசல் அலைக்கு அலை வளர்ந்து, தாங்கியின் சுற்றளவில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. அதைவிட உறுத்தும் தகவல் ஒன்று உண்டு. விரிசலின் உள்பரப்பில் பெயின்ட் இருந்தது. அதாவது மேடைக்கு வண்ணம் பூசும் முன்பே, கட்டிய இடத்திலேயே, அந்த வெல்டு வெடித்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. ஒரு கருவியைத் தாங்கும் வெல்டைத் தாங்கியின் பாகமாக யாரும் எண்ணவில்லை.

இங்கே நடப்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். வெல்டு உலோகம் வந்து தட்டைத் தொடும் விளிம்பை நாங்கள் டோ என்போம். வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வெல்டிலும் அந்த விளிம்பில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழத்துக்கு ஸ்லாக் நுழைந்த கீறல்கள் இருக்கும். கைத்திறனால் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. வெல்டே இல்லாத தட்டில் மாறி மாறி வரும் சுமையால் ஒரு விரிசல் பிறக்கவே அதன் ஆயுளில் பெரும்பகுதி ஆகிவிடும். வெல்டு உள்ள தட்டில் பிறப்பு முதல் நாளே முடிந்துவிட்டது. பாக்கி இருப்பது வளர்ச்சி மட்டும்.

இதோடு எஞ்சிய இழுவிசை சேர்கிறது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தட்டு விடாது. இந்த இழுபறியில் வெல்டும் அதை ஒட்டிய பகுதியும் கிட்டத்தட்ட எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் ஈல்டு அளவுக்கு இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடும், வெளிச்சுமை எதுவும் வருவதற்கு முன்பே. அதனால் கணக்குப்படி அழுத்தத்தில் இருக்கும் இடத்தில்கூட, சுமை ஏறி இறங்கும்போது டோவில் உள்ள கீறல் திறந்து மூடிக்கொண்டிருக்கும். "இது கம்ப்ரஷன் சைடு, ஒன்றும் ஆகாது" என்று சொல்வதை நான் அரைகுறையாகத்தான் ஏற்பேன்.

எண்களில் சொன்னால் உறைக்கும். மாறி மாறி வரும் சுமையில் எஃகு களைத்துப்போவதுதான் ஃபெட்டீக். அந்தக் கணக்குக்கு ஐரோப்பிய விதிநூலான யூரோகோடு 3 ஒவ்வொரு வகை விவரத்துக்கும், அதாவது எது எப்படி ஒட்டியிருக்கிறது என்ற அமைப்புக்கும், ஓர் எண் தருகிறது. அது 20 லட்சம் சுழற்சிகளைத் தாங்கும் தகைவு வீச்சு, அதாவது சுமை ஏறி இறங்கும்போது எஃகின் ஒரு சதுர மி.மீ.யில் விசை மாறும் அளவு, நியூட்டனில். வெல்டு இல்லாத உருட்டுத் தட்டுக்கு அது 160. அதே தட்டில், விசை ஓடும் திசையில், 100 மி.மீ.க்கு மேல் நீளமான ஒரு துண்டை வெல்டு செய்து ஒட்டினால் 56. ஆயுளோ தகைவு வீச்சின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். வீச்சு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. 160-ஐ 56-ஆல் வகுத்து மூன்றடுக்கு எடுத்துப் பாருங்கள், 23 வரும். ஒரு சுமையும் வாங்காத பிராக்கெட் ஒன்றை ஒட்டியதற்காக, அந்த இடத்தில் பீமின் ஆயுள் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது.

சரி, உயர்ந்த ரகம் எஃகு வாங்கினால்? இதற்குப் பதில் தெரிந்து ஐம்பது ஆண்டுக்கு மேலாகிறது. அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிஷரும் குழுவினரும் 1960-களின் பிற்பகுதியிலிருந்து வெல்டு செய்த பீம்களை வரிசையாகச் சோதித்தார்கள். ஆயுளைத் தீர்மானித்தவை இரண்டுதான்: தகைவு வீச்சு எவ்வளவு, விவரம் எந்த வகை. எஃகின் வலிமை ரகத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி பங்கில்லை. காரணம் மேலே சொன்னதுதான், பிறந்துவிட்ட விரிசல் எல்லா ரக எஃகிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கிறது. உயர்ரக எஃகை வாங்கி, அதை நம்பித் தட்டை மெல்லியதாக்கினால், தகைவு வீச்சு கூடி, ஆயுள் முன்பைவிடக் குறையும். பாலம், கிரேன் ஓடும் பீம், அதிரும் இயந்திர மேடை ஆகியவற்றில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. காகிதத்தில் எடை மிச்சமாகத் தெரிவதால் யாரும் தடுப்பதும் இல்லை.

ஃபெட்டீக் இல்லாத கட்டடத்தில் கவலை இல்லையா என்றால், கொஞ்சம் குறைவு. நிலையான சுமை தாங்கும் சாதாரணக் கூரை பீமில் ஒரு பிராக்கெட் வெல்டு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் சும்மாதான் இருக்கும். இதற்கெல்லாம் பயம் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் தட்டு தடிமனாகும்போது வேறொரு பிரச்சினை வருகிறது. அதில் சின்ன வெல்டுதான் பெரிய வெல்டைவிட மோசம்.

வெல்டுக்கு முன் தட்டைச் சூடாக்க, அதாவது பிரீஹீட் செய்ய, வெல்டரிடம் சொல்லிப் பாருங்கள். "சின்ன டேக் சார், இதுக்கு எதுக்கு டார்ச்?" என்பார். சின்னது என்பதால்தான் வேண்டும். 40 மி.மீ. தட்டில் ஓர் அங்குல நீளத்துக்கு டேக் என்னும் துண்டு வெல்டு அடித்தால், உள்ளே போகும் வெப்பம் கொஞ்சம், அதை உறிஞ்சும் இரும்பு நிறைய. கொல்லன் பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கியதுபோல வெல்டை ஒட்டிய பட்டை சட்டென்று ஆறி, கடினமாகி, நொறுங்கும் தன்மை கொள்கிறது. அந்தப் பட்டை சில மில்லிமீட்டர் அகலம்தான். எஃகில் கார்பனும் மாங்கனீசும் கூடக்கூடக் கடினமும் கூடும். எஃகு ஆலை தரும் மில் சான்றிதழில் கார்பன் சமானம் என்ற ஓர் எண் இருக்கும். கார்பன் அளவோடு மாங்கனீசில் ஆறில் ஒரு பங்கும் மற்றக் கலவைகளின் பங்கும் சேர்ந்த தொகை அது. 0.45-ஐத் தாண்டினால் பிரீஹீட் இல்லாமல் கை வைக்காதீர்கள் என்பது என் பழக்கம். தடிமன் அதிகமென்றால் அதற்கும் கீழேயே கேட்பேன்.

கடினமான பட்டையோடு ஹைட்ரஜன் சேர்ந்தால் விரிசல். ஹைட்ரஜன் வருவது ஈரத்திலிருந்து: வெல்டிங் ராடின் மேல்பூச்சு குடித்த ஈரம், தட்டில் உள்ள துரு, எண்ணெய், பெயின்ட். 7018 போன்ற லோ ஹைட்ரஜன் ராடை ஓவனில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் டி1.1 விதிநூல், இந்த வகைச் சாதாரண ராடு ஓவனைவிட்டு வெளியே இருக்க நான்கு மணி நேரம்தான் கொடுக்கிறது. பணியிடத்தில் காலையில் எடுத்த கட்டு மாலை வரை திறந்தே கிடப்பதைப் பார்த்தால் கேள்வி கேளுங்கள். முக்கிய ஜாயின்டுக்கு ஓவனிலிருந்து சுடச்சுட எடுப்பவர்கள், பிராக்கெட்டுக்கு மட்டும் தரையில் கிடக்கும் ராடைப் பொறுக்குவார்கள். அதே டி1.1, 20 மி.மீ.க்கு மேல் தடித்த தட்டில் ஃபில்லட் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. சுமைக்கு 4 மி.மீ. போதுமென்று கணக்கு சொன்னாலும் 8 மி.மீ.தான். அந்த வரம்பு வைத்ததன் நோக்கம், வேகமாக ஆறிப்போவதைத் தடுப்பது.

இந்த விரிசல் உடனே வராது. வெல்டு ஆறி, ஹைட்ரஜன் மெல்ல நகர்ந்து, மணிக்கணக்கில் கழித்து, சில சமயம் இரண்டு நாள் கழித்து வரும். முடித்த கையோடு சோதித்துக் கையெழுத்து வாங்குவதால் பயனில்லை. தடித்த, வலிமையான எஃகில் 48 மணி நேரம் பொறுத்துத்தான் சோதிக்க வேண்டும்.

மெல்போர்னின் கிங்ஸ் பாலம் இந்தக் கதைதான். 1961-ல் திறந்தார்கள். 1962 ஜூலை 10, குளிர்காலக் காலை, 45 டன் பாரவண்டி ஒன்று ஏறியதும் இரு தூண்களுக்கு நடுவிலுள்ள ஒரு கண் தொய்ந்து உட்கார்ந்தது. பீமின் அடிப்பட்டையான கீழ் ஃபிளேஞ்சுக்கு வலுச் சேர்க்க ஒட்டிய கூடுதல் தட்டுகளின் நுனியில், குறுக்காக அடித்த வெல்டின் டோவிலிருந்து விரிசல்கள் கிளம்பியிருந்தன. அவற்றில் பல, பாலம் திறப்பதற்கு முன்பே இருந்தவை. அந்த எஃகில் கார்பன் சமானம் அதிகம், குளிரில் நொறுங்கும் தன்மையும் இருந்தது. வலுச் சேர்க்க ஒட்டிய தட்டு முடியும் இடமே பீமின் பலவீனமான இடமாகிவிட்டது. கண்ணுக்கு அடியில் இருந்த பக்கச் சுவர்கள் தாங்கிக்கொண்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

பூகம்பத்தில் இதே பாடம் வேறு உருவில் வந்தது. 1994 ஜனவரி 17, லாஸ் ஏஞ்சலஸ் அருகே நார்த்ரிட்ஜ். எஃகுச் சட்டகக் கட்டடங்கள் வளைந்து கொடுத்து ஆற்றலை விழுங்கும் என்று நம்பியிருந்தார்கள். எதுவும் இடிந்து விழவில்லை. ஆனால் சுவரைப் பெயர்த்துப் பார்த்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் பீம் தூணைச் சேரும் இடத்தில் வெல்டு நொறுங்கியிருந்தது, பெரும்பாலும் கீழ் ஃபிளேஞ்சில். அந்த வெல்டை அடிக்கும்போது நடுவில் பீமின் நிமிர்ந்த தட்டான வெப் மறிக்கும். வெல்டர் ஒரு பக்கம் நிறுத்தி மறுபக்கம் போய்த் தொடங்க வேண்டும். ஃபிளேஞ்சின் நட்டநடுவில், வெல்டின் அடியான வேரில், சரியாக உருகிச் சேராத ஓர் இடம் அங்கே மிஞ்சும். உருகிய உலோகம் ஒழுகாமலிருக்க அடியில் வைத்த பேக்கிங் பட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள். பட்டைக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடுக்கு ஒரு ரெடிமேட் விரிசல். அல்ட்ராசோனிக்கிலும் பட்டையின் எதிரொலி குறையை மறைத்துவிடும். போதாக்குறைக்கு, வேகமாக அடிக்க உதவிய அந்த வெல்டிங் கம்பி ரகத்தின் வெல்டுக்கு மோதலைத் தாங்கும் திறன் மிகக் குறைவு. அதைச் சோதிக்க விதியும் அப்போது கேட்கவில்லை. அதன் பிறகு முக்கிய பூகம்ப ஜாயின்டுகளில் கீழ்ப் பட்டையை எடுத்து, வேரைச் சுரண்டி, மறுபடி வெல்டு வைப்பது வழக்கமானது. விதிநூலில் இன்னொன்றும் சேர்ந்தது: பீமில் வளைய வேண்டிய பகுதியைக் காப்புப் பகுதி என்று குறித்து, அங்கே எந்தத் துண்டையும் ஒட்டக் கூடாது என்றார்கள்.

கான்கிரீட் வேலையிலும் இது உண்டு. கம்பி கட்டும் கம்பிக்குப் பதிலாகக் குறுக்குக் கம்பிகளை டேக் அடித்து நிறுத்துவார்கள், சீக்கிரம் முடியுமென்று. டி.எம்.டி. கம்பியின் வலிமையில் பெரும்பங்கு அதன் வெளிப்பட்டையில் இருக்கிறது. டேக் விழும் இடம் சரியாக அந்தப் பட்டைதான். பொறியாளர் எழுத்தில் அனுமதிக்காத வரை குறுக்குக் கம்பி வெல்டு வேண்டாம்.

அப்புறம், பிராக்கெட்டை எப்படித்தான் மாட்டுவது? ஃபிளேஞ்சைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் முதல் தேர்வு. அது முடியாவிட்டால் போல்ட். துளை போட்டால் பீம் பலவீனமாகுமே என்று தயங்குவார்கள். துளையுள்ள தட்டுக்கு யூரோகோடு தரும் எண் 90, நீளமான வெல்டு துண்டுக்கு 56. துளையால் குறைந்த பரப்பைக் கணக்கில் எடுத்தாலும் சின்னத் துளை பெரும்பாலும் ஜெயிக்கும். வெல்டுதான் ஒரே வழியென்றால் வெப்பின் நடு உயரத்தில் வையுங்கள், இழுபடும் ஃபிளேஞ்சிலும் அதன் ஓரத்திலும் வேண்டாம். துண்டைக் குட்டையாக்குங்கள். 50 மி.மீ.க்குள் இருந்தால் 56 என்பது 80 ஆகும். டோவை பர் கிரைண்டரால் முறையாக வழித்தால் தகைவு அளவில் 1.3 மடங்கு கிடைக்கும், ஆயுளில் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். எக்ஸ்ரேயில் தேறிவிட்டது என்பதை இதற்கு மாற்றாகச் சொல்லாதீர்கள். எக்ஸ்ரே உள்ளே உள்ள காற்றுக் குமிழியை அழகாகக் காட்டும், டோவில் உள்ள மெல்லிய விரிசலைத் தவறவிடும். அதற்கு, இரும்புத்தூளைக் காந்தத்தால் விரிசலில் சேர்த்துக் காட்டும் மேக்னடிக் பார்ட்டிகிள் சோதனைதான் சரி.

தூக்கும் காதுகளைச் சுத்தியலால் அடித்துப் பெயர்ப்பது இன்னும் நடக்கிறது. அடியோடு தட்டின் சதையும் பிய்ந்துவரும். சில மில்லிமீட்டர் மேலே வெட்டி, மீதியை விசையின் திசையில் கிரைண்ட் செய்து, விரிசல் சோதனை செய்யுங்கள். ராடு பற்றுகிறதா என்று பார்க்க பீமில் தட்டிய ஆர்க் தழும்புகளுக்கும் இதே வைத்தியம். இவற்றைத் தேட ஒரு சாய்ந்த டார்ச் வெளிச்சம் போதும். பெயின்ட் அடிக்கும் முன்பு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் பார்க்கும் வேலைகளில், வெல்டு வைக்கக் கூடாத ஃபிளேஞ்ச் பகுதிகளை, பீம் பட்டறையைவிட்டுக் கிளம்பும் முன்பே சிவப்புப் பட்டையடித்துக் குறிக்கச் சொல்கிறேன். எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் டிராயிங் பார்ப்பதில்லை, சிவப்பைப் பார்க்கிறார்கள்.