குரோஷிய 'பித்தி', ஆங்கில 'பீட்', தமிழ் 'அடி'

2018 ஜூலை 11, மாஸ்கோவில் உலகக் கோப்பை அரையிறுதி. குரோஷியாவுக்காக பெரிஷிச் 68ஆவது நிமிடத்திலும், மாஞ்சுகிச் கூடுதல் நேரத்தில் 109ஆவது நிமிடத்திலும் கோல் அடிக்க, இங்கிலாந்து 2-1 என்று தோற்றது. இந்த ஒரே ஆட்டத்தைப் பற்றி மூன்று மொழிகளிலும் பேசிப் பாருங்கள். ஆங்கிலத்தில் குரோஷியா இங்கிலாந்தை 'பீட்' செய்தது, அதாவது அடித்தது. குரோஷிய மொழியிலோ வெற்றிக்கான 'போபியேதித்தி' என்ற வினையில் அடி என்ற பொருளே இல்லை. அது துன்பம், வறுமை என்று பொருள்படும் 'பியேதா'வின் உறவுச் சொல். ஆனால் கோல் போடுவதை அவர்கள் 'ஸபித்தி' என்பார்கள், சுவரில் ஆணி அடிப்பதற்கும் அதே வினைதான். நமக்கும் அப்படியே: ஆணியும் அடிக்கிறோம், கோலும் அடிக்கிறோம்.

அந்த 'ஸபித்தி'க்குள் இருப்பது 'பித்தி', அடித்தல் என்று பொருள். ஆங்கில 'பீட்' போலவே ஒலிக்கிறதே என்று இரண்டையும் ஒரே வேரில் கட்டிவிடக் கூடாது, இரண்டும் வேறு வேறு வேர்கள். குரோஷியனில் 'இரு' என்ற வினையும் 'பித்தி'தான் என்பது இன்னொரு சிக்கல். பழைய ஸ்லாவிய மொழியில் இரண்டுக்கும் உயிரொலி வேறாக இருந்தது, ரஷ்யனில் இன்றும் வேறுதான், தெற்கே குரோஷியனில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. நிகழ்காலத்துக்கு வந்தால் குழப்பம் தீரும்: 'பியெம்' என்றால் 'அடிக்கிறேன்' மட்டும்தான். நாடித்துடிப்பைக் குறிக்கும் 'பிலோ', போரைக் குறிக்கும் 'பித்கா' எல்லாம் இந்த அடியில் பிறந்தவை.

இந்தப் 'பித்தி'க்கு முன்னொட்டு சேர்த்துக்கொண்டே போகலாம். 'உபித்தி' என்றால் கொல், 'ரஸ்பித்தி' என்றால் உடைத்துச் சிதறடி. இங்கேதான் தமிழை நினைத்து எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கிறது. அவர்கள் முன்னால் ஒட்டுவதை நாம் பின்னால் ஒட்டுகிறோம்: சாகடி, சிதறடி, தோற்கடி, மழுங்கடி, மறக்கடி. அடி இங்கே கையால் அடிப்பதல்ல, ஒருவரை ஒரு நிலைக்குத் தள்ளிவிடும் துணைவினை. ஆகவே 'உபித்தி'க்குச் 'சாகடி'யும் 'ரஸ்பித்தி'க்குச் 'சிதறடி'யும் அச்சு அசலான இணைகள். ஆங்கிலத்தில் கொல்வதைக் குறிக்கும் 'ஸ்லே' கூடப் பழைய ஆங்கிலத்தில் அடித்தலையும் குறித்தது.

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் 'அடி' போட்டுவிடலாமா? கூடாது. மொழிபெயர்ப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். குரோஷியனில் இன்று ஆளை அடிப்பதற்குச் சாதாரணமாகப் புழங்குவது 'தூச்சி'. இதிலிருந்து வந்த 'துச்சாக்' என்றால் சிறு உரலில் மிளகு இடிக்கும் குழவி. ரஷ்யனில் இதே வேரில் வரும் வினைக்கும் இடித்துப் பொடியாக்குதல் என்றுதான் பொருள். எனவே 'தூச்சி'க்கு இடி, குத்து, மொத்து என்ற வரிசையில் இடம் பார்த்துப் போட்டால்தான் அதன் கனம் இறங்கும். 'ம்லாத்தித்தி' களத்துமேட்டுச் சொல், கதிரடித்தல். ஆங்கிலத்திலும் 'த்ராஷ்' என்பது கதிரடிக்கும் 'த்ரெஷ்' என்பதன் வேறு வடிவமே; தானியத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று பின்னாளில் பிரிந்துகொண்டன. நாமும் களத்தில் போரடிக்கிறோம், ஆனால் ஆளைப் 'போரடித்தான்' என்று சொல்வதில்லை. நம் ஆள் முறத்துக்கும் துவைகல்லுக்கும் போய்விடுகிறான்: புடைத்தெடுத்தான், துவைத்தெடுத்தான், வெளுத்து வாங்கினான். 'த்ராஷ்', 'ம்லாத்தித்தி' இரண்டுக்கும் என் கணக்கில் 'புடைத்தெடு'தான் முதல் தேர்வு, ஏனென்றால் அதில் தானியத்தின் வாடை இன்னும் இருக்கிறது.

குரோஷியனில் கன்னத்தில் விழுவது 'ஷாமார்', துருக்கியிலிருந்து வந்த சொல். அதற்கு 'ப்ல்யுஸ்கா' என்றும் பெயருண்டு, சட்டென்று கொட்டித் தீர்க்கும் மழைக்கு 'ப்ல்யுஸாக்' என்பார்கள், இரண்டும் ஒலிக்குறிப்பில் பிறந்தவை. இரண்டு அறைக்கும் தமிழில் 'அறை' இருக்கும்போது 'கன்னத்தில் அடித்தான்' என்று எழுதுவது வீண். குற்றுயிரும் குலையுயிருமாக அடித்தார்கள் என்று நாம் சொல்வதை அவர்கள் 'செத்த பேருக்கு அடித்தார்கள்' என்பார்கள், அங்கே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒன்றும் புரியாது. 'பிரம்பு சொர்க்கத்திலிருந்து வந்தது' என்ற பழமொழியும் அவர்களுக்கு உண்டு, நம் 'அடியாத மாடு படியாது' போல. அதே குரோஷியாவில் இப்போது பிள்ளைகளை வீட்டில்கூட அடிக்கச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆங்கில 'ஹிட்' கதை வேறு. ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழியான நார்ஸில் 'ஹித்தா' என்றால் எதிர்ப்படுதல், சந்தித்தல். ஸ்வீடனில் இன்றும் அது 'கண்டுபிடி' என்ற பொருளில் வாழ்கிறது. ஆக 'ஹிட்' என்பதில் ஓங்கிய கையைவிடப் போய்ச் சேர்ந்த இடம்தான் முக்கியம், அதற்கு நம்மிடம் 'படு' இருக்கிறது: கல் பட்டது, குண்டு பட்டது. 'ஸ்ட்ரைக்' முதலில் தடவிச் செல்லுதல் என்றுதான் இருந்தது, வருடுதலைக் குறிக்கும் 'ஸ்ட்ரோக்' அதன் உறவு.

கடைசியாக 'உதார்'. ஓங்கி விழும் ஒரு அடி. குரோஷியனில் ஆட்சிக் கவிழ்ப்பு 'அரசு உதார்', மாரடைப்பு 'இதய உதார்', பக்கவாதம் 'மூளை உதார்', மின்னதிர்ச்சி 'மின்னோட்ட உதார்'. தமிழ் இவற்றில் ஒவ்வொன்றையும் வேறு வேறு கண்ணால் பார்த்திருக்கிறது: ஆட்சி கவிழ்கிறது, மார் அடைக்கிறது, வாதம் ஒரு பக்கத்தைப் பிடிக்கிறது. கரண்ட் மட்டும்தான் நமக்கும் அடிக்கிறது. எனவே மூளை உதாரைப் பார்த்ததும் 'மூளைத் தாக்குதல்' என்று புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டாம், பக்கவாதம் என்று எழுதினால் நோயாளியின் வீட்டாருக்கு உடனே புரியும். அப்புறம், அங்கே ஆம்புலன்ஸை 'ஹித்னா' என்பார்கள். அதற்கும் ஆங்கில 'ஹிட்'டுக்கும் சம்பந்தமில்லை, 'அவசரம்' என்றுதான் பொருள்.