பனையில் கத்தி வைக்கும் முன் தூரைப் பாருங்கள்

பனைக் குடும்ப மரங்களை இனம் காண்பது என் வேலை. யாராவது ஓலையைப் படம் எடுத்து அனுப்பி, "இது என்ன பனை?" என்று கேட்டால், "தூரில் எத்தனை தண்டு?" என்றுதான் முதலில் கேட்பேன். நுனியை வெட்டினால் மரம் பிழைக்குமா என்பது அதில்தான் இருக்கிறது. ஆப்பிரிக்கக் காட்டுப்பனைகளைப் பார்த்தால் இது புரியும்.

ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் பனை இனங்கள் 70கூட இல்லை. பக்கத்துத் தீவான மடகாஸ்கரில் மட்டும் ஏறக்குறைய 200. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குள் எத்தனை உருவங்கள்! காமரூன் மழைக்காடுகளில் மரம் பற்றி ஏறும் பிரம்புகளும் பனைக் குடும்பம்தான். அங்கேயே வளரும் ராஃபியா ரெகாலிஸ் என்ற பனையின் ஓலை 25 மீட்டர் வரை நீளும். நைல் கரையில் நிற்கும் டூம் பனையோ இரண்டிரண்டாகக் கிளை பிரியும்.

நம் பனைக்கு நெருங்கிய சொந்தம் போராசஸ் எத்தியோப்பம். செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை, தெற்கே மொசாம்பிக் வரை புல்வெளிகளில் இருக்கிறது. வளர்ந்த மரத்தின் தண்டு, பாதி உயரத்தைத் தாண்டிய இடத்தில் வயிறு போலப் புடைத்திருக்கும். ஒற்றைத் தண்டு, ஒரே குருத்து. ஐவரி கோஸ்ட்டில் கள்ளுக்காக அந்தக் குருத்தையே சீவுகிறார்கள். சில வாரம் கள் வடியும், அப்புறம் மரம் பட்டுப்போகும். நம் பனையேறிகள் சீவுவது பாளையை, அதாவது பூங்கொத்தை. குருத்தில் கை வைப்பதில்லை. அதனால்தான் ஒரே மரம் தலைமுறை தாண்டியும் பதனீர் தருகிறது.

தென்னாப்பிரிக்காவின் கோசி பே பகுதியில் லாலாப் பனையிலும் தண்டின் நுனியைத்தான் வெட்டுகிறார்கள். ஆனால் அது புதராகத் தூர் கட்டும் இனம். பக்கக்கன்றுகள் கிளம்பி மறுபடி தழைத்துவிடும். இதைப் பார்த்துவிட்டு 'பனை எல்லாம் துளிர்க்கும்' என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு கவலையும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினில் போராசஸ் கொட்டைகளைப் புதைத்துக் கிழங்கு எடுத்து விற்கிறார்கள், நம் பனங்கிழங்கு போலவே. பல குடும்பங்களின் பிழைப்பு அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தோண்டும் ஒவ்வொரு கிழங்கும் மரமாகியிருக்கக்கூடிய ஒரு கன்று. பழம் முழுவதையும் பொறுக்கிவிட்டால் அந்த இடத்தில் அடுத்த மரத்துக்கு விதையே இருக்காது. அதனால் ஒரு பனங்காட்டுக்குப் போனால் நான் அண்ணாந்து பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பேன். முழங்கால் உயரக் கன்றுகள் இருக்கின்றனவா? இல்லையென்றால், ஒரு பங்குப் பழத்தை மரத்தடியிலேயே விட்டுவைக்கச் சொல்வேன். முளைக்கும் இடத்தில் சில வருடங்களுக்கு மாடும் தீயும் அண்டாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்வேன்.