கல்லூரி மாணவர்களுக்கு அரசு தரும் பேச்சு, கட்டுரை, கவிதைப் பரிசுகள்: டெல்டா மாணவர்கள் அறிய வேண்டியவை

தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் மாவட்ட அளவில் கல்லூரி மாணவர்களுக்குக் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள் நடத்துகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களிலும் தனித்தனியாக நடக்கும். ஒவ்வொரு போட்டிக்கும் முதல் பரிசு 10,000 ரூபாய், இரண்டாம் பரிசு 7,000, மூன்றாம் பரிசு 5,000 என்று கடந்த ஆண்டுகளில் வழங்கியிருக்கிறார்கள். கூடவே பாராட்டுச் சான்றிதழும் உண்டு. மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

இதிலிருந்து வேறானது தலைவர்களின் பிறந்தநாளையொட்டி நடக்கும் பேச்சுப் போட்டி. அம்பேத்கர், கலைஞர், அண்ணா, பெரியார், காந்தி, நேரு ஆகியோர் பெயரில் நடக்கும் இவற்றில் பரிசுத் தொகை 5,000, 3,000, 2,000 ரூபாய். தொகை குறைவுதான். ஆனால் ஆண்டில் பல முறை வாய்ப்பு வருகிறது. முதல் முறை மேடையேறுகிறவர்களுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். இவர்களில் கலைஞர் நம் மண்ணுக்காரர். திருக்குவளையில் பிறந்து, திருவாரூரில் பள்ளி மாணவராக இருக்கும்போதே மேடையில் பேசியவர். 'மாணவநேசன்' என்ற கையெழுத்து ஏட்டையும் நடத்தியவர்.

தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வணிகவியல், இயற்பியல், பொறியியல் படிப்பவர்களும் கலந்துகொள்ளலாம்.

மாணவர் நேரடியாகப் போய்ப் பெயர் கொடுக்க முடியாது. கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கையொப்பத்துடன் விண்ணப்பம் போக வேண்டும். ஒரு கல்லூரிக்கு இத்தனை பேர் என்று வரம்பும் வைப்பார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சுற்றறிக்கை கல்லூரி அலுவலகத்துக்கு வந்து, தமிழ்த் துறைக்குப் போய், அறிவிப்புப் பலகைக்கு வருவதற்குள் கடைசி நாள் நெருங்கிவிடும். நாகக்குடையான் பக்கமிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கடைசி வகுப்பு முடிந்ததும் ஓடும் பிள்ளைகள் பலகையைப் பார்ப்பது எப்போது? ஆகவே கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தமிழ்த் துறைத் தலைவரிடம் உங்கள் பெயரைச் சொல்லி வையுங்கள். நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஆட்சியரின் செய்திக்குறிப்பாகவும் அறிவிப்பு வரும். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தமிழ் வளர்ச்சி அலுவலகத்தில் கேட்கலாம். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். கேட்பது உங்கள் உரிமை.

போட்டி பெரும்பாலும் காலையில் தொடங்கிவிடும். கடைமடைப் பகுதியிலிருந்து வருகிறவர்கள் பஸ் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது. கல்லூரி அடையாள அட்டை கட்டாயம் கையில் இருக்கட்டும்.

எழுதும் முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் பற்றித் தலைப்பு வந்தால் பத்தில் எட்டுப் பேர் 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்குவார்கள். குறள் அருமையானது, ஆனால் நடுவருக்கு எட்டாவது முறை வரும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தாலும் உங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வந்தது, அதுவரை நாற்றங்கால் என்ன ஆனது, பம்புசெட் இல்லாதவர் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருந்தாரா என்று எழுதுங்கள். உங்கள் அப்பாவோ பக்கத்து வீட்டுப் பெரியப்பாவோ வரப்பில் நின்று சொன்னதையே எழுதலாம். பேச்சுக்கும் இதுதான்: மனப்பாடம் செய்த அடுக்குமொழியில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் சரிந்துவிடும், பார்த்ததைச் சொல்கிறவர் மறந்தாலும் தொடர்ந்துவிடுவார்.

வெற்றி பெற்றால் சான்றிதழில் உங்கள் பெயரும் தலைப்பெழுத்தும் வங்கிக் கணக்கில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள். பிழை இருந்தால் அன்றே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.