ஏழு வயதில் கவிதை நூல் வெளியிட்ட ஹாக்கி வீரர்

நூலகத்தில் என் வேலை பட்டியலாக்கம். புத்தகத்துக்கு எண் போடுவதைவிட, அதை எழுதியவர் யார் என்று உறுதி செய்வதில்தான் நேரம் அதிகம் போகும்.

ஒருமுறை செக் மொழிக் கவிதைத் தொகுப்பு ஒன்று மேசைக்கு வந்தது. பெயரைத் தட்டியதும் ஒரு பதிவு வந்து நின்றது. பிறந்த தேதி, ஊர், தொழில் எல்லாம் இருந்தன. தொழில்: ஐஸ் ஹாக்கி வீரர். அதே பெயருள்ள கவிஞரின் மூன்று நூல்கள் அவர் கணக்கில் ஏறியிருந்தன. அந்தத் தேதியை நம்பினால், முதல் தொகுப்பு வந்தபோது அவருக்கு வயது ஏழு!

இதில் எப்போதும் அடிபடுவது கவிஞர்தான். ஆட்டக்காரரின் உயரம், எடை, மட்டையை எந்தக் கைப்பக்கம் பிடிக்கிறார் என்பது வரை எழுதி வைத்திருப்பார்கள். 1970களின் செக்கோஸ்லோவாக்கியாவில் தலைமறைவாக எழுதியவருக்கு என்ன இருக்கும்? அரசுப் பதிப்பகம் அச்சிடாது. மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்துத் தட்டச்சு செய்வார்கள். அடியில் இருக்கும் படியில் எழுத்து மங்கிப் புகைபோலத் தெரியும். பதிப்பகப் பெயர் இருக்காது, பல நேரம் ஆண்டும் இருக்காது. பெயரே புனைபெயராக இருப்பதும் உண்டு. செக் கவிஞர் எகோன் போண்டியின் இயற்பெயர் ஸ்பினேக் ஃபிஷர். 1949இல் நண்பர்கள் எல்லோரும் யூதப் பெயர்களை வைத்துக்கொண்டு ஒரு தொகுப்பு உருவாக்கினார்கள்; அப்போது சூடிய பெயர் 2007இல் அவர் இறக்கும்வரை நிலைத்தது. கவிஞர் இவான் யிரோவுஸ் மொத்தம் எட்டாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். தடயம் விடாமல் இருப்பதே அன்று பாதுகாப்பு. அந்த வெற்றிடத்தில்தான் இன்று கணினி வேறொருவரைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

ஹாக்கிக்குள்ளேயே பெயர்க் குழப்பம் உண்டு. செபாஸ்டியன் அஹோ என்று இருவர்: 1997இல் பிறந்த ஃபின்லாந்துக்காரர், 1996இல் பிறந்த ஸ்வீடன்காரர். வான்கூவர் அணியில் எலியாஸ் பெட்டர்சன்களும் இருவர், ஒருவர் முன்கள ஆட்டக்காரர், மற்றவர் தடுப்பாட்டக்காரர். அங்கே தவறு நடந்தால் ரசிகர்கள் உடனே சண்டைக்கு வருவார்கள். கவிஞருக்காகக் குரல் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

பெயர் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் நான் எதையும் இணைப்பதில்லை. பிறந்த ஆண்டோ, இன்னொரு நூலின் தலைப்போ, வாழ்ந்த ஊரோ, சுயாதீனமான இன்னொரு சான்றாவது வேண்டும். கிடைக்கவில்லையா, தனிப் பதிவாகவே திறந்துவிடுவேன். ஒருவருக்கு இரண்டு பதிவு இருந்தால் பின்னால் சேர்த்துவிடலாம். இருவரை ஒருவராக்கிவிட்டால், அதைப் பல நாட்டு நூலகப் பதிவுகளைத் திரட்டும் வியாஃப் எடுத்துக்கொள்ளும், அங்கிருந்து மற்ற தளங்கள் எடுத்துக்கொள்ளும். பிரித்தெடுக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். ஒரே பெயருள்ளவர்களைப் பிரித்துக் காட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரும் ஐஎஸ்என்ஐ என்ற 16 இலக்க எண் இதற்காகவே இருக்கிறது. ஆனால் அந்த எண்ணையும் தவறான ஆளுக்குப் போட்டுவிட்டால் பயனில்லை.

கட்டுரையோ அஞ்சலிக் குறிப்போ எழுதுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: தேடுபொறி பக்கவாட்டில் காட்டும் பெட்டியிலிருந்து படத்தையும் தேதியையும் அப்படியே எடுக்காதீர்கள். நூல் வந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துப் பாருங்கள். அரை நிமிட வேலை. எனக்கு அந்த ஏழு வயது அப்படித்தான் கண்ணில் பட்டது.

அந்தக் கவிஞருக்கு இப்போது தனிப் பதிவு இருக்கிறது, மூன்று நூல்களும் அதில் இருக்கின்றன. பிறந்த ஆண்டுக்கு இன்னும் சான்று கிடைக்கவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.