சவானா: தரவையா, மந்தையா?

"சவானாவை ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன்." கரீபியன் கடலிலுள்ள டிரினிடாட் தீவின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சாயங்காலம் ஒருவர் வீட்டில் இப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பினால், ஊருக்குள் இருக்கும் ஒரு பெரிய திறந்தவெளியைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் நடக்கப் போகிறார் என்று பொருள். நமக்கோ சவானா என்றதும் பள்ளிக்கூடப் புவியியல் பாடம்தான் நினைவுக்கு வரும்: ஆப்பிரிக்கா, ஆளுயரப் புல், குடை விரித்த மாதிரி மரங்கள், சிங்கம், வரிக்குதிரை. அதனால்தான் டிரினிடாட்டின் கார்னிவல் திருவிழாவைப் பற்றித் தமிழில் எழுதும்போது "சவானா புல்வெளியில் இசைப் போட்டி நடந்தது" என்று எழுதினால் படிப்பவருக்குக் காட்சி குழம்பிப் போகிறது. சொல் ஒன்றுதான், பொருள் இரண்டு. இரண்டுக்கும் தமிழில் தனித்தனியாக நல்ல சொற்கள் இருக்கின்றன என்பது என் எண்ணம். அதற்கு முன், இந்தச் சொல் எங்கே பிறந்து எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம்.

பிறந்தது ஆப்பிரிக்காவில் இல்லை, கரீபியனில். கியூபா, ஹிஸ்பானியோலா, புவெர்ட்டோ ரிக்கோ தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் மொழியில் 'சபனா' என்றால் மரமில்லாத சமவெளி. 1492இல் கொலம்பஸ் வந்து இறங்கிய பிறகு ஸ்பானியர்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1535இல் ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ அதற்குப் பொருளும் எழுதி வைத்தார்: மரம் இல்லாத, புல் நிறைந்த நிலம், அந்தப் புல் உயரமாகவும் இருக்கலாம், குட்டையாகவும் இருக்கலாம். 'மரம் இல்லாத' என்பதைக் கவனியுங்கள். இன்றைய சூழலியலில் சவானா என்றால் புல்தரையில் ஆங்காங்கே மரம் நிற்கும் நிலம். நானூறு ஐந்நூறு ஆண்டுகளில் சொல்லுக்குள் மரம் முளைத்துவிட்டது.

ஸ்பானிஷ் தெரிந்த சிலர், படுக்கை விரிப்பைக் குறிக்கும் 'சாபனா' என்ற சொல்லோடு இதைச் சேர்த்துப் பேசுவதுண்டு. விரிப்பைப் போலத் தட்டையாக இருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியில்லை. விரிப்பு என்ற பொருளுடைய சொல் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது, அழுத்தம் முதல் அசையில் விழும். நிலத்தைக் குறிக்கும் சொல்லுக்கு அழுத்தம் நடு அசையில். இரண்டுக்கும் உறவு கிடையாது.

தைனோ மக்கள் நோயாலும் அடிமை வேலையாலும் கொலைகளாலும் சில பத்தாண்டுகளுக்குள் பெரும்பாலும் அழிந்து போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் மற்றவர்களோடு கலந்துவிட்டார்கள். அவர்கள் பேசிய மொழி போய்விட்டது, சொற்கள் மட்டும் உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஹரிகேன் அவர்களுடையது. கனோ என்ற படகும், ஹேமக் என்ற தொங்கு படுக்கையும், பார்பிக்யூவும் அவர்களுடையவை. நம் வீட்டு வாசலுக்கும் ஒன்று வந்திருக்கிறது. கொய்யா! அந்தத் தீவுகளின் சொல் ஸ்பானியர், போர்த்துகீசியர் வாய் வழியாக மாறி மாறி, பழத்தோடு சேர்ந்தே நம்மிடம் வந்தது. ஒரு மக்கள் கூட்டத்தின் குரல் இப்படித் தெருவோரத் தள்ளுவண்டியில் இன்றும் கேட்கிறது என்று நினைக்கும்போது மனம் கனத்துப் போகிறது.

சரி, போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு வருவோம். பெயருக்கு 'ஸ்பானியர் துறை' என்று பொருள். அதற்கு முன் அங்கே குமுகுராப்போ என்ற பழங்குடி ஊர் இருந்தது. அதன் பெயர் முகுராப்போ என்று சுருங்கி நகரின் மேற்குப் பகுதியில் இன்னமும் வழங்குகிறது. 1757இல் ஸ்பானிய ஆளுநர் உள்நாட்டிலிருந்த பழைய தலைநகரை விட்டு இந்தத் துறைக்குக் குடிபெயர்ந்தார். 1797இல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1808இல் பெரிய தீ ஒன்று நகரை அழித்தது. 1813இல் ஆளுநராக வந்த ரால்ஃப் வுட்ஃபோர்டுதான் இன்று நாம் பார்க்கும் நகரத்துக்கு வடிவம் கொடுத்தவர்.

அவர் 1817இல் செய்த ஒரு காரியம்தான் இந்தச் சொல்லின் கதையைத் திருப்பியது. நகரின் வடக்கே பெஷியே என்ற குடும்பத்துக்குச் சொந்தமாக 'பாரடைஸ்' என்ற கரும்புத் தோட்டம் இருந்தது. அதை அரசு வாங்கியது. எதற்கு? ஊர் மாடுகள் மேய்வதற்கும் மக்கள் காற்று வாங்குவதற்கும். பெஷியே குடும்பத்தினர் தங்கள் முன்னோரைப் புதைத்த சிறு இடத்தை மட்டும் விற்கவில்லை. இன்றும் அந்தப் பரந்த புல்தரையின் நடுவே சுற்றுச்சுவரோடு ஒரு சிறிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஒரு பக்கம் கால்பந்து, இன்னொரு பக்கம் காற்றாடி, நடுவில் இவர்கள் உறங்குகிறார்கள்.

இயற்கையான சவானா வேண்டுமென்றால் அதே தீவில் அரிப்போ என்ற இடத்தில் இருக்கிறது. அரிய செடிகொடிகள் உள்ள, பாதுகாக்கப்படும் புல்வெளி. தலைநகரில் இருப்பது அப்படியில்லை. கரும்பு வெட்டிய நிலம், பிறகு மாடு மேய்ந்த நிலம், பிறகு மக்கள் கூடும் நிலம். ஆனாலும் பெயர் சவானாதான். முழுப்பெயர் குயின்ஸ் பார்க் சவானா. ஊர்க்காரர்கள் முழுப்பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. சவானா என்றால் இதுதான்.

மாடுகளுக்குப் பிறகு குதிரைகள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய குதிரைப் பந்தயம் 1990களின் தொடக்கம் வரை இங்கே நடந்து, அப்புறம் அரிமா என்ற ஊருக்கு மாறியது. 1913இல் பிராங்க் போலண்ட் என்ற அமெரிக்க விமானி இங்கே பறந்து காட்டும்போது விழுந்து இறந்தார். குயின்ஸ் பார்க் கிரிக்கெட் சங்கத்தின் பெயர் இந்தச் சவானாவிலிருந்து வந்ததுதான். 1896இல் சங்கம் பக்கத்திலேயே தனி ஆடுகளத்துக்குப் போய்விட்டது. நம் வீரர்கள் ஆடிய டெஸ்ட் போட்டிகளை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'குயின்ஸ் பார்க் ஓவல்' என்ற பெயர் பழக்கமானதாக இருக்கும்.

சவானாவின் மேற்கு ஓரத்தில் ஏழு கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோக்கோ விலை நன்றாக இருந்த காலத்தின் செல்வச் செழிப்பை அவற்றில் பார்க்கலாம். ஸ்காட்லாந்துக் கோட்டையைச் சிறிதாக்கி வைத்தது போன்ற ஸ்டோல்மெயர் வீடு, பின்னாளில் பிரதமர் அலுவலகமாக இருந்த ஒயிட்ஹால், பேராயர் இல்லம், மணிக்கூண்டு வைத்த குயின்ஸ் ராயல் கல்லூரி ஆகியவை அந்த வரிசையில்தான். நாட்டின் முதல் பிரதமர் எரிக் வில்லியம்ஸும், எழுத்தாளர் வி. எஸ். நைபாலும் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள். வடக்கே 1818இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. ஓரமெல்லாம் 'சமான்' மரங்கள். பெயர் புதிதாக இருக்கிறதே என்று பார்த்தால், அது நம் ஊர்ச் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரம்தான். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து நம்மிடம் வந்த மரம் அது.

மாலையில் அங்கே நிற்கும் இளநீர்க்காரரைப் பார்த்தால் நமக்கு ஊர் நினைவு வந்துவிடும். அரிவாளால் தலையைச் சீவி நீட்டுகிறார். குடித்து முடித்ததும் காயைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டாகப் பிளந்து, மட்டையிலேயே ஒரு சில்லு சீவி அதைக் கரண்டியாகத் தருகிறார், வழுக்கையை வழித்துச் சாப்பிட. கொஞ்சம் தள்ளி 'டபுள்ஸ்' விற்கிறார்கள்: மெத்தென்று பொரித்த இரண்டு சிறிய ரொட்டி, நடுவில் கொண்டைக்கடலைக் கறி, கேட்கிற அளவு காரம். 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த 1,40,000க்கும் மேற்பட்ட இந்தியர்களின் சமையலில் கிளைத்த பண்டம் இது. அவர்களில் பெரும்பாலானோர் கல்கத்தாத் துறையிலிருந்து வந்தவர்கள். சென்னைத் துறையிலிருந்தும் சில ஆயிரம் பேர் போனார்கள். 'மதராசி' என்ற பெயர் அந்தத் தீவில் இன்னும் அழியவில்லை.

ஆனால் சவானா முழு உயிர் பெறுவது கார்னிவல் நாட்களில். சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் வேடமணிந்தவர்கள் பெரும் அணிகளாக மேடையைக் கடந்து போவார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை இரவில் 'பனோரமா' என்ற ஸ்டீல்பான் இசைப் போட்டியின் இறுதிச் சுற்று, 1963 முதல் நடப்பது. எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தகட்டைச் சுத்தியலால் குழிவாகத் தட்டி, ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் இடம் பிரித்துச் செய்கிற ஸ்டீல்பான் இந்த நகரத்தின் ஏழை எளிய தெருக்களில் பிறந்த கருவி. 1992இல் அது நாட்டின் தேசியக் கருவியானது. ஒரு குழுவில் நூறு பேருக்கு மேல் வாசிப்பார்கள். பான்களைச் சக்கரம் வைத்த சட்டங்களில் ஏற்றி, ஆட்கள் கையாலேயே மேடையை நோக்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். முறை வரும்வரை வழியிலேயே நின்று வாசித்துப் பார்க்கிறார்கள், கூட்டம் பக்கத்திலேயே நெருக்கியடித்து நின்று கேட்கிறது. நம் ஊரில் தேர் நிலை பெயர்ந்து வரும் நாளில் வீதியில் நின்றவர்களுக்கு அந்த நெருக்கம் புரியும். பார்வையாளர் மாடங்களில் ஒன்று நிலையாக இருப்பது, மற்றொன்றைக் கார்னிவலுக்கு என்று தற்காலிகமாகக் கட்டுவார்கள்.

இதனால் டிரினிடாட் பேச்சுவழக்கில் சொல்லுக்கே புதுப்பொருள் வந்துவிட்டது. தலைநகரத்துச் சவானா மட்டுமில்லை, எந்தச் சிற்றூரிலும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற, திருவிழா நடக்கிற பொதுத் திறந்தவெளிக்குச் சவானா என்றே பெயர். இந்திய வம்சாவளியினர் ஊர்களில் ராம்லீலா நடப்பதும் இப்படிப்பட்ட வெளிகளில்தான். பிரெஞ்சு பேசும் மார்டினிக் தீவிலும் இதே கதை. அதன் தலைநகரான ஃபோர்-து-பிரான்ஸில் கடலோரமாக உள்ள பெரிய பூங்காவுக்கு 'லா சவான்' என்று பெயர். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கப்பலேறிய தமிழர்கள் போய்ச் சேர்ந்த தீவு அது. அந்தப் பூங்காவில் நின்றிருந்த, நெப்போலியனின் மனைவி பேரரசி ஜோசஃபினின் சிலையை 1991இல் தலையைத் துண்டித்தார்கள், 2020இல் முழுதாகவே சாய்த்துவிட்டார்கள். அடிமைத்தனம் மீண்டும் சட்டமானதில் அவருக்கும் பங்கு உண்டு என்பது தீவு மக்களின் கோபம். மார்டினிக்கிலும் சவானா என்றால் ஊர் கூடும் இடம்.

இனித் தமிழ்ச்சொல். பாடநூல்களில் 'வெப்பமண்டலப் புல்வெளி' என்றும் 'சவானா புல்வெளி' என்றும் எழுதுகிறோம். முதலாவது விளக்கம், சொல் இல்லை. இரண்டாவதில் சவானா என்றாலே புல்வெளி என்பதால் ஒன்றையே இரண்டு முறை சொல்கிறோம். சிலர் முல்லை என்பார்கள். முல்லை காடும் காடு சார்ந்த இடமும். மரமில்லாத நிலம் என்று பிறந்த சொல்லை அதற்குள் வைத்தால் பொருந்தாது.

இயற்கை நிலத்துக்கு என் தேர்வு 'தரவை'. இலங்கையின் மட்டக்களப்புப் பக்கத்தில் இன்றும் உயிரோடு இருக்கிற சொல் இது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரவை என்று செய்திகளில் அடிக்கடி வரும். பரந்த, மாடு மேயும் புல்நிலம் என்பதுதான் பொருள். ஆப்பிரிக்கத் தரவை, அரிப்போத் தரவை என்று எழுதிப் பாருங்கள், உறுத்தவே இல்லை. வாழ்க்கையில் புழங்கிக்கொண்டிருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

தலைநகரத்துச் சவானாவுக்குத் தரவை போதாது. மைதானம் என்றால் அது பாரசீகத்திலிருந்து வந்தது, விளையாட்டோடு நின்றுவிடுகிறது. திடல் பரவாயில்லை, ஆனால் அதில் மாடு இல்லை. வுட்ஃபோர்டு வாங்கிய நிலத்தை நம் வருவாய்த்துறை மொழியில் சொன்னால் 'மேய்க்கால்', அதாவது மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதுகிறார்களே, அதேதான். அது வளர்ந்து என்ன ஆனதோ அதற்குச் சரியான சொல் 'மந்தை'. மதுரைப் பக்கத்துச் சிற்றூர்களில் மந்தை என்பது வெறும் மாட்டுக் கூட்டமில்லை. மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள் காலையில் வந்து சேரும் பொதுவெளி அது. ஊர்க்கூட்டம் அங்கேதான், கூத்து அங்கேதான், மந்தையம்மன் கோயில் அங்கேதான், பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான். சென்னையில் மயிலாப்பூருக்குப் பக்கத்தில் மந்தைவெளி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இப்போது ரயில் நிலையமும் பேருந்து நிலையமும்தான் மிச்சம், மேய்ச்சல் பெயரில் மட்டும் இருக்கிறது. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வெளி அப்படியே தப்பித்திருக்கிறது, மாடு மட்டும் போய்விட்டது.

எழுதும்போது இப்படிக் கையாளலாம். குயின்ஸ் பார்க் சவானா என்பது இடப்பெயர், அதை மொழிபெயர்க்க வேண்டாம். முதல் முறை வரும்போது "நகரின் பெருமந்தையான குயின்ஸ் பார்க் சவானா" என்று எழுதிவிட்டு, அப்புறம் சவானா என்றே சொல்லிக்கொண்டு போகலாம். டிரினிடாட் ஊர்களின் சின்னச் சின்னச் சவானாக்களுக்கு ஊர்மந்தை போதும். புவியியல் பாடத்தில் தரவை. மூன்றையும் எங்கே எது என்று தெரிந்து போட்டால், பனோரமா நடக்கும் இடத்தில் சிங்கம் வந்து நிற்காது.