உங்கள் வண்டிக்கு உங்கள் லைசென்ஸ் செல்லுமா?

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தடி ஏற்றும் லாரி வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த ஒருவர், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பின் நகலோடும் தன் ஓட்டுநரின் லைசென்ஸ் அட்டையோடும் ஒரு நாள் மாலை வந்து நின்றார். அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை லாரி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பில் இருந்தது. "லைசென்ஸ் 2034 வரைக்கும் உண்டே, பின்ன எதுக்கு நான் குடுக்கணும்?" என்று அட்டையை நீட்டினார். அந்த அட்டையில் இரண்டு தேதிகள் இருந்தன. 2034 என்பது 'என்டி' என்று குறித்த, சொந்த உபயோக வாகனங்களுக்கான தேதி. 'டிஆர்' என்று குறித்த போக்குவரத்து வாகனத் தேதி, விபத்துக்கு நான்கு மாதம் முன்பே முடிந்துபோயிருந்தது.

போக்குவரத்து வாகன உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடியும் ஓட்டிக்காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்பவர்கள், அவர் வேலைக்குச் சேரும் நாளில் அட்டையின் நகலை வாங்கி வைத்தால் போதாது, டிஆர் தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் உரிமத்தை வாகனத்தின் வகைக்குத்தான் கொடுக்கிறது. கையில் இருக்கும் உரிமம் வேறு வகைக்கானது என்றால், சட்டத்தின் பார்வையில் அவர் உரிமம் இல்லாமல் ஓட்டியவர்: 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியை ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கும் இதே அளவு தண்டனை உண்டு.

எந்த வகை என்பதைச் சக்கரங்களை எண்ணியோ, டீக்கடையில் விசாரித்தோ முடிவு செய்யாதீர்கள். ஆர்சி புத்தகத்தில் எடை இருக்கிறது. இலகு ரக வாகனம், அதாவது எல்எம்வி, என்பதன் எல்லை 7,500 கிலோ. சொந்தக் காருக்கு அது வெறும் வண்டியின் எடை. சரக்கு வண்டிக்கோ, சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. பலரும் இடறுவது இந்த இடத்தில்தான். நின்றுகொண்டிருக்கும் காலி டெம்போவின் எடையைப் பார்த்து, எல்எம்வி போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை, தனியாக டிரான்ஸ்போர்ட் அனுமதி இல்லாத எல்எம்வி உரிமத்தோடும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பர் மாதம் உறுதிசெய்துவிட்டது. குளச்சலிலிருந்து மீன் ஏற்றும் குட்டியானையும், தோவாளைக்குப் பூ கொண்டுவரும் பிக்கப் வண்டியும் இதில் அடங்கும். ஆகவே சிறிய வண்டி ஓட்டுநருக்கு டிரான்ஸ்போர்ட் இல்லை என்பதை மட்டும் காட்டி யாராவது இழப்பீட்டை மறுத்தால், இந்தத் தீர்ப்பை எடுத்துச் சொல்லி, மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும்போது தாராளமாக மறுப்பவர்கள், எழுதித் தரக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆனால் தீர்ப்பு பேசுவது உரிமத்தின் வகையைப் பற்றி மட்டுமே. பெர்மிட், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) போன்றவற்றில் அது எந்தச் சலுகையும் தரவில்லை.

7,500 கிலோவைத் தாண்டிய வண்டிக்கு டிரான்ஸ்போர்ட் உரிமம் கட்டாயம். 20 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்எம்வி உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். மருத்துவர் சான்றும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றும் வேண்டும். அந்த ஓராண்டைப் பற்றிச் சொல்லாமலே முன்பணம் வாங்கிக்கொள்ளும் புரோக்கர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரு சக்கர வாகனத்தில் வரும் சிக்கல்கள் வேறு மாதிரியானவை. கார் ஓட்டும் உரிமம் பைக்குக்குச் செல்லாது. பயிற்சிப் பள்ளியில் காருக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு, ஸ்கூட்டரும் அதில் சேர்ந்ததுதான் என்று பல ஆண்டுகளாக நம்பி ஓட்டும் ஆசிரியைகளும் செவிலியர்களும் நம் குமரி மாவட்டத்தில் அநேகம் பேர். அதேபோல ஸ்கூட்டரில் எட்டு போட்டுக் காட்டியவருக்குக் கியர் இல்லாத வகைதான் அட்டையில் ஏறும். அவர் கணவரின் பைக்கை எடுத்தால் உரிமம் இல்லாதவர்தான். கியர் வண்டியிலேயே ஓட்டிக்காட்டிவிட்டால் இரண்டுக்கும் பயன்படும்.

16 வயதுப் பிள்ளைக்கு எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், எடுக்கலாம் என்று கேள்விப்பட்டு வரும் பெற்றோரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்குள் உள்ள கியர் இல்லாத வண்டியை மட்டுமே. இன்று கடையில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களும், தோட்டத்துக்கு ஓட்டிப்போகும் எக்ஸெல் வண்டியும் அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டன. பிள்ளை அதில் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு; அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. மின்சார ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னால், 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட வண்டிதானா என்று கேளுங்கள். அதற்கு மேற்பட்டதற்குப் பதிவும் வேண்டும், உரிமமும் வேண்டும்.

விடுபட்ட வகையைச் சேர்க்கப் புது லைசென்ஸ் எடுக்கக் கூடாது; ஒருவர் இரண்டு உரிமங்கள் வைத்திருப்பதே குற்றம். இருக்கும் உரிமத்தில் வகை சேர்க்கும் விண்ணப்பம், அரசின் ஓட்டுநர் உரிமச் சேவைக்கான சாரதி இணையதளத்தில் இருக்கிறது. அந்த வகைக்கு எல்எல்ஆர் எடுத்து, 30 நாள் கழித்து, ஆறு மாதத்துக்குள் ஓட்டிக்காட்ட வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் எந்த வகைகளில் டிக் செய்திருக்கிறார்கள் என்பதைத் திரையில் தாங்களே படித்துப் பார்க்க வேண்டும். கார், பைக் உரிமத்துக்குப் பயிற்சிப் பள்ளி வழியாகத்தான் வர வேண்டும் என்று விதியில் இல்லை. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சோதனைக்குப் போகும்போது, எந்த வகைக்கு விண்ணப்பித்தீர்களோ அதே வகை வண்டியை, நடப்பில் உள்ள இன்சூரன்சோடு கொண்டுபோனால் போதும். தவறிவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடியும் வரலாம்.

பழைய புத்தக லைசென்ஸை அட்டையாக மாற்றுபவர்கள், புதிய அட்டை வந்ததும் அதன் பின்பக்கத்தைப் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். கணினியில் ஏற்றும்போது ஒரு வகை விடுபட்டுப்போனால், கையெழுத்தில் உள்ள அந்தப் பழைய பக்கம்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி. அதைக் கவுண்டரில் ஒப்படைக்கச் சொன்னால், எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்த பிறகே கொடுங்கள்.