வரிசை மாற்றமும் அதற்கு வரும் கட்டுப்பாடும்

சில பொருள்களை வரிசையாக அடுக்கும் ஒவ்வொரு விதத்தையும் கணிதத்தில் பெர்முட்டேஷன் என்பார்கள். இந்தச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ள 'பெர்முத்தாரே'. முழுக்க மாற்றுவது, இடம் மாற்றிக்கொள்வது என்று பொருள். தமிழில் இதற்கு நிலைத்துவிட்ட சொல் வரிசை மாற்றம். மூலச் சொல்லில் இல்லாத 'வரிசை' இதில் வெளிப்படையாகவே நிற்கிறது. அதனால் வரிசையைப் பொருட்படுத்தாத சேர்வோடு (சேர்மானம் என்றும் சொல்வார்கள்) இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. 'மாற்றம்' என்பதில்தான் சிறு இடறல்: எதையும் மாற்றாமல் இருந்தபடியே விட்டாலும் அதுவும் கணக்கில் ஒன்று.

சங்கதி பழையது. கணிதர் பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் இந்தப் பகுதிக்கு அங்கபாசம் என்று பெயர். சிவன் தன் பத்துக் கைகளிலும் பத்து ஆயுதங்களை மாற்றி மாற்றி ஏந்தினால் எத்தனை வடிவம் வரும் என்று அதில் ஒரு கேள்வி உண்டு. விடை 36,28,800.

ஒன்று நிகழும் வாய்ப்பை அளக்கும் நிகழ்தகவு என்பது நிகழ் + தகவு. தகவு என்றால் தகுதி. மொத்த வரிசைகளில் நமக்குத் தகுந்தவை எத்தனை பங்கு என்பதே கேள்வி. எவை தகுந்தவை என்று சொல்வதுதான் கட்டுப்பாடு.

'சமூகம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ச, மூ, க, ம் என நான்கு எழுத்துகள். கண்ணை மூடிக்கொண்டு கலைத்து அடுக்கினால் 4 × 3 × 2 × 1 = 24 வரிசைகள். இனி இலக்கணத்தை உள்ளே விடுவோம். மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. சொல்லின் நடுவில் ம் வந்தால், அடுத்து ப, ய, வ, ம வரிசை எழுத்துகளே வரலாம். இங்கே அப்படி இருப்பது மூ மட்டும். இந்த இரண்டு விதிக்கும் ஒத்துவரும் வரிசை கிடைக்க நிகழ்தகவு என்ன?

ம் கடைசியில் நின்றால் மற்ற மூன்றும் எப்படி வேண்டுமானாலும் நிற்கலாம்: 6. கடைசியில் இல்லாவிட்டால் ம், மூ இரண்டையும் 'ம்மூ' என்று ஒட்டி ஒரே எழுத்தாகக் கொள்ள வேண்டும். அது முதலில் வரக்கூடாது. முதலிடத்துக்கு ச அல்லது க, மிச்சம் இரண்டுக்கும் 2 வழி, ஆக 4. எழுதியே பார்க்கலாம்: சம்மூக, சகம்மூ, கம்மூச, கசம்மூ. அகராதியில் தேடாதீர்கள், இருக்காது. ஆனால் வாயில் நுழைகிறது. மொத்தம் 10, நிகழ்தகவு 10/24, அதாவது 5/12.

ஒட்டி எண்ணும்போது பலர் தடுக்குவது ஓரிடத்தில். ம் கடைசியில் இல்லாதபோது ம்மூ என்ற வரிசைதான் செல்லும், மூம் என்று திருப்பினால் விதி மீறும்; அதனால் 2ஆல் பெருக்கவில்லை. 'இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும்' என்ற வகைக் கணக்கில் இருவரும் தமக்குள் இடம் மாறலாம் என்பதால் பெருக்கியாக வேண்டும்.

இதற்கு 'நிபந்தனை' என்ற சொல்லைவிட 'கட்டுப்பாடு' மேல் என்பேன். நிபந்தனை நிகழ்தகவு, அதாவது ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்தபின் இன்னொன்றுக்குப் பார்க்கும் நிகழ்தகவு, வேறு சரக்கு: அங்கே நிபந்தனை கீழே உள்ள மொத்தத்தையே சுருக்கிவிடும். இங்கே கட்டுப்பாடு மேலே உள்ள எண்ணை மட்டுமே தொடுகிறது. கீழே 24 அப்படியே நிற்கும்.